தாய்மாமன் மடியும் வேப்பிலைப் புகையும்

போன வாரம் என் மகளுக்குக் காது குத்தினோம். வீட்டில் இல்லை, கோயிலில் இல்லை... ரோட்டோரத்தில்! ஏன் என்கிறீர்களா?

காது குத்தத் தாய்மாமன் மடி வேண்டும். எங்களுக்கு இருப்பது ஒரே மடி — மனைவியின் அண்ணன், வேப்பந்தட்டை செல்வராசு மச்சான். அவருக்கோ ஆஸ்துமா. எந்த மருந்துக்கும் மசியாத வகை. அன்றைக்கு மூச்சு முட்டினால் மடிக்கு எங்கே போவது?

அதனால் முன்கூட்டியே அவரை எங்கள் ஊர் அரியலூருக்கு அழைத்து வந்தோம். வழியில் பெரம்பலூரில் டாக்டரம்மாவிடம் காட்டினோம். சளி ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு அவர் பொறுமையாகச் சொன்னார்.

"சில பேருக்கு மூச்சுக்குழாயில கிருமி தங்கிடும். அதைப் பிடிக்க வர்ற வெள்ளை அணுக்கள் திரும்பிப் போகாம அங்கேயே நின்னு குழாயையும் புண்ணாக்கிடும். வழக்கமான மருந்துக்கு அதுங்க அவ்வளவா அடங்காது. இவருக்கும் அப்படி இருக்கலாம். மருந்தை மாத்திப் பார்ப்போம். இன்ஹேலரை நிறுத்தாதீங்க. புகை பக்கமே போகாதீங்க."

இத்தனையிலும் என் மனைவி பிடித்துக்கொண்டது ஒன்றே ஒன்று — கிருமி.

வீடு வந்ததும் யுத்தம் ஆரம்பம். தரைக்கு பினாயில். வாசலுக்கு பிளீச்சிங் பவுடர். மச்சான் அறைக்குச் சாம்பிராணி. சேதி சொந்தங்களுக்கும் பரவியது. உடையார்பாளையத்துச் சின்ன மாமியார் ஒரு மூட்டை காய்ந்த வேப்பிலையோடு வந்து இறங்கினார்.

"பொகையப் போட்டா எந்தக் கிருமி மாப்ளே நிக்கும்?"

பங்காளி ஒருவர் கொசுப்புகை அடிக்கிற மெஷினையே தோளில் மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். டாக்டரம்மா சொன்னதை நான் எடுத்துச் சொன்னேன். யார் கேட்டார்கள்?

விசேஷத்தன்று காலை வீட்டுக்குள் யார் முகமும் யாருக்கும் தெரியவில்லை. ஆசாரி ஊசியோடு தயார். மகள் பட்டுப்பாவாடையில் தயார். மடியை மட்டும் காணோம்!

தேடிக்கொண்டு வெளியே ஓடினால்... சிமெண்ட் லாரிகள் போகிற ரோட்டோரம், பிளாஸ்டிக் சேரில் மச்சான். கையில் இன்ஹேலர்.

"உள்ள வாண்ணே, கிருமியெல்லாம் ஓடிருச்சு" என்றாள் மனைவி.

"கிருமி ஓடுச்சோ என்னமோ, நான் ஓடியாந்துட்டேன். இங்கதான் நல்ல காத்து. புள்ளைய இங்க தூக்கிட்டு வா!"

அரியலூர் லாரிப் புழுதியை நல்ல காற்று என்று ஒரு மனிதர் சொல்லி அன்றுதான் கேட்டேன்.

அங்கேயே குத்தினோம். ஒரு லாரிக்காரர் வண்டியை ஓரங்கட்டி, இறங்கி வந்து அட்சதை போட்டார். மகள் கத்திய கத்தல் பஸ் ஸ்டாண்டு வரை கேட்டிருக்கும். மச்சான் அவளை இறுக்கி அணைத்துக்கொண்டார். ஒரு இருமல்கூட இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது — புகையும் ஒரு காரணம்.

மறுநாளே மச்சான் வேப்பந்தட்டைக்கு பஸ் ஏறிவிட்டார். கிருமி இருந்ததா, போனதா, தெரியாது.

அதைப் பிடிக்க மூட்டையோடும் மெஷினோடும் வந்த வெள்ளை அணுக்கள் மட்டும் இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கின்றன — மதியத்துக்கு என்ன குழம்பு என்று கேட்டுக்கொண்டு!