கழற்றிய கதவு

கொட்டும் மழையில் தேயிலைக் கொழுந்தெடுக்க முடியாது என்று நான் சொன்னதற்காக, தோட்டத்துத் துரை என் பேரையும் என் புருஷன் பேரையும் சேர்த்து வேலைப் பதிவிலிருந்து வெட்டினார். வேலை போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீட்டையும் விட்டுவிட வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். நாங்கள் அசையவில்லை. கணக்கப்பிள்ளை ஆட்களோடு வந்து எங்கள் கதவைக் கழற்றிக்கொண்டு போனார்.

தலவாக்கலைத் தொழிற்சங்க ஆபிசிலிருந்து பிரதிநிதி வந்து வாசலைப் பார்த்தார். “தொழில் நீதிமன்றத்துல சங்கம் வழக்குப் போட்டிருக்கு. தீர்ப்பு வர்ற வரைக்கும் எடத்த விட்டுப் போயிறாதீங்க.”

“நாங்க ஏங்க போறோம்?” என்றேன்.

வாசலில் கம்பளியைத் தொங்கவிட்டு, பிள்ளைகளை நடுவில் போட்டுக்கொண்டு பனிக்காலத்தைத் தள்ளினோம். விசாரணையில் சங்கத்து வக்கீல் கேள்வி கேட்கக் கேட்க, துரைக்கும் வியர்க்கும் என்பதை அன்றுதான் பார்த்தேன்.

வேலையும் வீடும் எங்களுக்கே என்று தீர்ப்பாயிற்று. கணக்கப்பிள்ளை அதே ஆட்களோடு கதவைக் கொண்டுவந்து சுவரில் சாத்திவிட்டுத் திரும்பினார்.

“எங்கங்கய்யா போறீங்க? கழட்டுனவங்கதான் மாட்டணும்.”

மாட்டினார்கள். இழுத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் மூடியது.

“கோணலா இருக்கு. கழட்டிட்டு மறுபடி மாட்டுங்க,” என்றேன்.