பனி ஊர் நாய்க்குச் சொன்ன வைத்தியம்

2005 கோடை. மரக்காணம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் இருந்த பிரவுசிங் சென்டரில் நடந்தது இது. கல்லூரி ரிசல்ட் பார்க்கப் போயிருந்தேன். பார்த்து முடித்த பிறகும் நேரம் மீதமிருந்தது. எழுந்துவர மனசில்லாமல் அம்மாவின் காலுக்கு மருந்து தேடினேன்.

அம்மாவுக்கு உப்பளத்தில் உப்பு வாருகிற வேலை. பூட்ஸ் போட்டு மிதித்தால் பாத்தியின் தரை கெட்டுவிடும் என்பதால் வெறுங்காலோடுதான் இறங்க வேண்டும். அந்த வருஷம் பாதம் பாளம் பாளமாக வெடித்து, விரலிடுக்கெல்லாம் புண். நொண்டி நொண்டித்தான் வேலைக்குப் போனாள். சீசன் முடிவதற்குள் படுத்துவிடுவாளோ என்று எனக்கு ஒரே பயம். ஆஸ்பத்திரியில், “உப்புத் தண்ணியில கால் வெக்காதீங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அம்மா அதை எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் உப்பு, பாதம், வெடிப்பு என்று தட்டினேன். வந்து விழுந்ததெல்லாம் நாய். எனக்குத்தான் சரியாகத் தேடத் தெரியவில்லை போலிருக்கிறது என்று வார்த்தையை மாற்றி மாற்றிப் போட்டேன். மறுபடியும் நாய்தான். அப்புறம்தான் பொறுமையாகப் படித்தேன். அமெரிக்காவில் ரோட்டில் பனி ஐஸாக உறைந்துவிட்டால் அதை உருக்க உப்பைத் தூவுவார்களாம். அதில் நடக்கிற நாய்களுக்குப் பாதம் வெடிக்குமாம். வெளியே போகும் முன்பே பெட்ரோலியம் ஜெல்லி தடவ வேண்டும், வந்ததும் வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவ வேண்டும், விரலிடுக்கில் ஈரமில்லாமல் துடைக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. நாய் போட்டுக்கொள்ளக் குட்டி ஷூ கூட விற்றார்கள். நாளெல்லாம் உப்பில் நிற்கிற மனுஷருக்கு ஒரு வரி இல்லை. எனக்குக் கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது.

நாய்க்குச் சொன்னதை அம்மாவுக்குச் செய்யலாமா? அதை எழுதியிருந்த கால்நடை டாக்டருக்கே தப்பும் தவறுமாக ஒரு மெயில் போட்டேன். அடுத்த வாரம் போய்ப் பார்த்தால் பதில் வந்திருந்தது. மனிதர்களும் தாராளமாகத் தடவலாம், புண் ஆழமாக இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள் என்று அன்பாக எழுதியிருந்தார். கடைசியில் ஒரு கேள்வி: உங்கள் ஊரில் அவ்வளவு பனி பெய்யுமா?

வழியில் ஒரு டப்பா ஜெல்லி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து அம்மாவிடம் ஒன்று விடாமல் சொன்னேன்.

“ரோட்டுலயா கொட்டுறாங்க? அப்புறம் அத யாரு வாருவாங்க?”

“யாரும் வார மாட்டாங்கம்மா. கரைஞ்சி போயிடும்.”

அம்மா காலை நீட்டினாள். “சரி, தடவு. நாய்க்குக் கேக்குற மருந்து எனக்குக் கேக்காதா? அந்த டாக்டருக்கு, நாங்க வெயில்ல வேகுறோம்னு எழுதிப் போடு.”

அதுவரை சாயங்காலம் வந்த பிறகுதான் தேங்காயெண்ணெய் தடவுவாள். மறுநாளிலிருந்து இறங்குவதற்கு முன்பே ஜெல்லி. வெடிப்பு முழுசாக ஆறிவிடவில்லை. ஆனால் நொண்டல் நின்றது, சீசன் முடியும்வரை வேலைக்குப் போனாள்.

மார்கழி பிறந்தால் அம்மா இப்போதும் ஒருமுறை கேட்டுவிடுவாள். “அங்க உப்பு கொட்ட ஆரம்பிச்சிருப்பாங்க இல்ல? பாவம், அந்த நாய்ங்களுக்குக் கால் எரியுமே.”

இன்டர்நெட்டில் எதைப் படித்தாலும் இதை யாருடைய காலை நினைத்து எழுதினார்கள் என்றுதான் நான் பார்க்கிறேன். அம்மாவோ, தன் காலைப் பற்றி ஒரு வரி கூட எழுதாத ஊரின் நாய்களுக்காகக் கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறாள்.