ஆளிவிதையும் ஒரு பிடி புதிர்ச் சோறும்

அப்படியென்றால் உன் மனிதர் பச்சை விதையையா அள்ளி அள்ளி வாயில் போடுகிறார்? அதுவும் தண்ணீர் குடிக்காமல்? ஐயோ பிள்ளை, இது வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கதைக்கிற கதையில்லை. வேலி ஓட்டைப் பொட்டுக்குள்ளால் குனிந்து இங்கே வா. அந்த விதைப் பொட்டலத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு வா. முதலில் சுளகில் போட்டுக் கல் பொறுக்குவோம். அடுப்பிலும் நெருப்பு இருக்கிறது, நானே வறுத்துத் தருகிறேன். என்ன சிரிக்கிறாய்? ஆளிவிதையைக் கண்டால் எனக்கும் சிரிப்புத்தான் வரும். ஏன் என்று கேள்.

நாங்கள் உடையார்கட்டுக்கு வந்து குடியேறிக் கொஞ்சக் காலம்தான் ஆகியிருந்தது. யாழ்ப்பாணத்தில் புகையிலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கக் கிணற்றுத் துலா மிதித்தே கால் தேய்ந்த மனிதர் எங்கள் வீட்டுக்காரர். இங்கே குளத்துத் தண்ணீர் வாய்க்காலால் தானாக நடந்து வயலுக்கு வருகிறது, நெல் கோட்டை கோட்டையாக விளைகிறது என்றால் விடுவாரா? காலையில் பழஞ்சோறு. மத்தியானம் மலை மாதிரிச் சோறு. இரவில் மிஞ்சிய சோற்றுக்குப் பாலும் வாழைப்பழமும் விட்டுப் பிசைந்து இன்னொரு சோறு. பக்கத்தில் என் மாமியார், அதுதான் அவருடைய தாய், குந்தியிருந்து, "பிள்ளை, அவனுக்கு இன்னும் ரெண்டு அகப்பை போடன். வயலுக்கை நிண்டு மாயிறவன்" என்பா. மாமி சின்ன ஆள். குருவி மாதிரி. சோறு கொஞ்சமாகத்தான் தின்பா, ஆனால் மடியில் எந்த நேரமும் பனைவெல்லம், அதுதான் பனங்கட்டி, இருக்கும். அதைக் கடித்துக் கடித்து நாள் முழுக்கத் தேத்தண்ணீர் குடிப்பா. இதை ஞாபகம் வைத்துக்கொள், பிறகு வேண்டும்.

எறும்பைக் கண்டுபிடித்ததும் மாமிதான். வேலிக்கரையில் எங்கள் வீட்டுக்காரர் ஒதுங்குகிற பூவரசடியில் சிற்றெறும்பு மொய்த்துப் போயிருந்தது.

"பிள்ளை, ஓடியா. உன்ரை மனுசன் இதிலை சர்பத்தே ஊத்தினவன்?"

வண்டில் கட்டிக்கொண்டு நாட்டு வைத்தியம் பார்க்கிற பரியாரியாரிடம் போனோம். அவர் நாடி பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார், எறும்புக் கதையைக் கேட்டார்.

"சலரோகம் தம்பி, நீரிழிவு. சோத்தை விடவேணும்."

"எந்தச் சோத்தை ஐயா? பச்சையரிசியோ, குத்தரிசியோ?"

"ரெண்டையும்."

காணியை விடு என்று சொன்னது போல மனிதர் அப்படியே இருந்துவிட்டார். கிழங்கும் கூடாது, சீனி சர்க்கரை கூடாது, பழம் பிசையக் கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தவர், கடைசியில் மெல்லக் கேட்டார்.

"அப்ப ஐயா, புதிர்?"

உனக்குத் தெரியும்தானே, தையில் முதல் நெல்லை வெட்டிக் குத்தி, அந்தப் புது அரிசியில் சோறு ஆக்கி, வீட்டுத் தலைவர் முதல் வாய் வைக்கவேண்டும். அவர் தின்னாமல் மற்றவர்கள் கை வைப்பதில்லை. அதுவரை எங்கள் வீட்டுக்காரர் பிறத்தியாருடைய காணியில்தான் பாடுபட்டவர். சொந்தக் காணி நெல்லில் புதிர் எடுத்துத் தின்னவேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் காட்டுக்கே வந்தவர். பரியாரியாரும் வயல் செய்கிற கமக்காரன்தான். தாடியைச் சொறிந்துகொண்டு யோசித்தார்.

"புதிர் அண்டைக்கு விடிய எறும்பு வராட்டில் ஒரு பிடி தின். வந்தால், சோத்தை மணந்துபோட்டு எழும்பு."

அப்படித்தான் எங்கள் வீட்டுப் புதிர் எறும்பின் கையில் போனது.

சோற்றுக்குப் பதிலாகத்தான் ஆளிவிதை சொன்னார். அதை மட்டும் என்னைப் பார்த்துச் சொன்னார். எனக்கு எழுத்து வாசனை இல்லை, அதனால் சொன்னதைச் சொன்னபடி மனதில் முடிந்து வைத்துக்கொண்டேன்.

"பிள்ளை, பச்சையாய்க் குடுக்கப்படாது. முழுசாயும் குடுக்கப்படாது, போன மாதிரியே வெளியிலை வரும். இளஞ்சூட்டிலை வறுத்து, இடிச்சு, ஒரு சின்னக் கரண்டியிலை தொடங்கு. வயிறு பழகப் பழகக் கூட்டலாம். எப்ப திண்டாலும் தண்ணி கனக்கக் குடிக்கவேணும். நான் தாற மருந்தோடை சேர்த்துக் குடுக்காதை, அதுக்கும் இதுக்கும் இடைவெளி விடு. வயித்திலை பிள்ளையோடை இருக்கிறாய், நீ ருசி பார்க்கிறன் எண்டு வாயிலை வைக்காதை."

மூத்தவள் அப்போது என் வயிற்றில். எனக்கு மாங்காய் தின்னவே நேரமில்லை, இதையா ருசி பார்ப்பேன்?

முல்லைத்தீவிலிருந்து சைக்கிளில் சாமான் கொண்டு வருகிற முஸ்லிம் வியாபாரி நானாவிடம் சொல்லிவைத்தோம். அவர் ஒரு ஐப்பசி நாளில் பொட்டலத்தோடு வந்து இறங்கினார். நான் கிணற்றடியில். எங்கள் வீட்டுக்காரர்தான் வாங்கியிருக்கிறார். அன்றைக்கு அவர் விதைநெல்லைச் சாக்கில் கட்டி வாய்க்காலில் ஊறப்போடுகிற நாள். கையில் விதை என்று ஒரு சாமான் வந்தால் கமக்காரன் என்ன செய்வான்? பாதியைச் சீலைத்துண்டில் முடிந்து, நெற்சாக்கின் காதில் கட்டி, அதையும் வாய்க்காலுக்குள் இறக்கிவிட்டு வந்துவிட்டார்.

அடுத்த நாள் காலை சாக்கைத் தூக்கினால் நெல் நல்ல நெல்லாக இருக்கிறது. சீலைமுடிச்சு மட்டும் தேங்காயளவு வீங்கி, கோழைக் கோழையாக நூல் விட்டுத் தொங்குகிறது. அதைக் கையில் ஏந்திக்கொண்டு வீட்டுக்கு வருகிறார். முற்றம் முழுக்க வழுவழுவென்று ஒழுகல். மாமி கண்டு அலறினா.

"என்ன அறுவானடா மோனை, தவளை முட்டையே?"

"ஆளிவிதையணை அம்மா. முளைக்கப் போட்டனான்."

"தின்னச் சொன்னதை ஏனப்பா முளைக்கப் போட்டனீங்கள்?" என்றேன் நான்.

"விதை எண்டால் ஊறப்போடாமல் தின்னுறதே? ஆரும் கேட்டால் சிரிப்பினம்."

அதற்குள் ஒழுகலில் கால் வைத்த சேவல் சறுக்கி விழுந்து எழும்பி, அவமானத்தில் அன்றைக்குக் கூவவேயில்லை. எனக்குச் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொள்ளவேண்டி வந்தது. மாமி, "பிள்ளை பிறந்திடும், சிரியாதை" என்று சொல்லிக்கொண்டு தானும் சிரித்தா.

சிரித்ததுதான் மனிதருக்குச் சுட்டுவிட்டது. தனக்குள்ளே ஒரு கணக்குப் போட்டிருக்கிறார். தண்ணீரில் போட்டபடியால்தான் இது வீங்கியது. ஆகவே வயிற்றுக்குள் தண்ணீர் விடாவிட்டால் வீங்காது. அதோடு, நீர் கனக்கப் போகிற வருத்தம்தானே இது, தண்ணீரை நிறுத்தினால் வருத்தமும் நின்றுவிடும். பார்த்தாயா, ஒரே கல்லில் இரண்டு மாங்காய் விழுத்துகிற கெட்டித்தனம்! மிச்சப் பொட்டலத்தை மடியில் கட்டிக்கொண்டு வயலுக்குப் போய், வரம்பில் இருந்து கச்சான் கடலை தின்கிற மாதிரிப் பிடி பிடியாகத் தின்றிருக்கிறார். ஒரு மிடறு தண்ணீர் இல்லை. எனக்கும் சொல்லவில்லை.

பிறகென்ன? விடிய வெளிக்குப் பற்றைப் பக்கம் போகிறவர் போன மாதிரியே திரும்பி வந்தார். அடுத்த நாளும் அப்படியே. வயிறு மேளம். முனகிக்கொண்டு படுத்துவிட்டார். மாமி வயிற்றில் தட்டிப் பார்த்து, "பிள்ளை, உனக்கு முந்தி இவன் பெறப்போறான்" என்றா. சிரிக்கிற மாதிரிக் கதைத்தாலும் அவவுக்கும் எனக்கும் பயம்தான். உடனே வண்டிலைக் கட்டினோம்.

பரியாரியார் பேசிய பேச்சு இருக்கிறதே!

"மடையா, வாய்க்கால் தண்ணியிலை வீங்கினது உன்ரை குடலுக்கை வீங்காதே? அது கிடைக்கிற ஈரத்தை உறிஞ்சிக் களிமண் மாதிரி அடைக்கும். நல்லாய்த் தண்ணி குடிச்சால்தான் வழுக்கிக்கொண்டு போகும். பிள்ளை உனக்குச் சொல்லேல்லையோ?"

"சொன்னவ ஐயா. நான்தான்..."

"நீதான் விதைக்கப் போட்டனி. உன்னைத்தான் சேத்துக்கை நடவேணும்."

இளஞ்சுடுநீரைச் சிறுகச் சிறுகப் பருக்கி, வீட்டுக்கும் விடாமல் தன் கண்ணுக்கு முன்னாலேயே வைத்திருந்தார். வயிறு இளகிய பிறகுதான் விட்டார். எங்கள் வீட்டுக்காரர் பற்றைக்குள்ளிருந்து வந்த வரவை நீ பார்த்திருக்கவேண்டும். தேர் இழுத்து இருப்புக்கு விட்டவர் மாதிரி முகத்தில் அப்படியொரு வெளிச்சம்!

அதன் பிறகு ஆளிவிதை என் பொறுப்பு. நானாவிடம் திரும்ப வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாக வறுத்து இடித்தேன். ஒரேயடியாக இடித்து வைத்தால் காறல் மணம் வந்துவிடும், பிறகு தின்னக்கூடாது. நீயும் அப்படிச் செய்யாதே. ஒரு கரண்டி மாவை மோரில் கலக்கிக் கொடுப்பேன், பிறகு ஒரு செம்புத் தண்ணீர், முன்னால் நின்று குடிப்பித்த பிறகுதான் நகருவேன். வயிறு பழகியதும் அந்த மாவோடு முட்டையும் துருவிய தேங்காய்ப்பூவும் பச்சைமிளகாயும் சேர்த்துக் குழைத்து ரொட்டி தட்டினேன். குளத்து விரால் குழம்போடு அதைத் தின்றுவிட்டு, "சோறு மாதிரி இல்லை" என்பார். "ஓம், ரொட்டி சோறு மாதிரி இராது" என்பேன். கீரை, பாகற்காய், முருங்கையிலை என்று இலைகுழையெல்லாம் எங்கள் வீட்டுக்குள் வந்தன. ஆடு பொறாமையில் கத்தியது.

மாமிக்கு மட்டும் இது ஒரு பேய்க்கூத்து. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு, "மாட்டுத்தீனி, மாட்டுத்தீனி" என்று கூடவே நையாண்டி.

தை வந்தது. முதல் நெல்லை வெட்டிக் கொண்டு வந்து நானே குத்தினேன். புதிர் அன்று விடிய எங்கள் வீட்டுக்காரர் பூவரசடியில் குந்திக்கொண்டு, தோட்டைத் தொலைத்த பெண் மாதிரி நிலத்தைத் துழாவிக்கொண்டிருக்கிறார். சூரியன் மேலே வந்தது. ஒரு எறும்பு? மருந்துக்குக்கூட இல்லை!

"இஞ்சேர்! வந்து பாரப்பா! ஒண்டும் இல்லை!"

படையல் வைத்துக் கும்பிட்டு, வாழையிலை போட்டோம். புதுச் சோற்றின் ஆவி முகத்தில் அடிக்கிறது. அப்போதுதான் சண்டை.

"ஒரு பிடி எண்டால் ஆரின்ரை பிடி?" என்று தன் மண்வெட்டிக் கையை விரித்துக் காட்டினார்.

"உன்னைப் பெத்தது நான். என்ரை பிடி" என்று மாமி தன் குருவிக் கையால் அள்ளி வைத்தா. ஒரு காகத்துக்குக் காணும். மனிதர் அதை இரண்டாகப் பிரித்து, கண்ணை மூடிக்கொண்டு மென்றார், மென்றார், விழுங்க மனமில்லாமல் மென்றார். கண்ணோரத்தில் ஈரம். புகை என்றார். அடுப்பு குசினிக்குள் இருந்தது, புகை எங்கேயிருந்து வரும்?

அவர் தின்ற பிறகு நாங்கள் கை வைத்தோம். மாமி பனங்கட்டியை உடைத்துப் புதுச் சோற்றில் போட்டு ஒரு பிடி பிடித்தா. நான் சட்டி கழுவிய தண்ணீரை ஊற்ற வாழையடிக்குப் போனேன். அது மாமி ஒதுங்குகிற இடம். அங்கே பார்த்தால், பூவரசடியை விட்டுவிட்டு வந்த எறும்பு முழுக்கக் குடும்பத்தோடு குடியேறியிருக்கிறது.

கூப்பிட்டேன். எங்கள் வீட்டுக்காரர் விரலை நக்கிக்கொண்டே வந்து பார்த்தார். தாயைப் பார்த்தார். பின்னால் வந்த மாமி என் முகத்தைப் பார்க்காமல் வாழைக்குலையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறா. அவர் தாயையும் கூட்டிக்கொண்டு நேரே உள்ளே போய், தாயின் இலையிலிருந்த சோற்றை எடுத்துவிட்டு, தாயின் கையைப் பிடித்து அந்தக் கையாலேயே ஒரு பிடி அளந்து வைத்தார். பக்கத்தில் என் ஆளி ரொட்டி ஒன்றையும் வைத்தார்.

"தின்னணை அம்மா. உன்ரை பிடிதான். தண்ணியைக் கனக்கக் குடி, இல்லாட்டில் வீங்கி அடைக்கும்."

"மாட்டுத்தீனி" என்றா மாமி, ரொட்டியைக் கடித்துக்கொண்டே. கடித்தவ இன்னொன்றும் கேட்டா.

ஆகவே உன் மனிதரிடம் சொல், முதலில்... ஐயோ, பொறு பொறு, தாச்சிச் சட்டியில் விதை வெடிக்கத் தொடங்கிவிட்டது, கருகினால் கைக்கும். கதையில் மறந்தே போனேன். அந்தப் பிடிதுணியை எடு பிள்ளை, கெதியாய், இறக்கவேண்டும்!