சாரி அக்கா போட்ட டிக்

கடையில் அவளை எல்லோரும் சாரி அக்கா என்றுதான் கூப்பிடுவோம். புது போன் வெளியாகும் மாதங்களில், பதிவு செய்துவிட்டுக் காத்திருப்பவர்களை அழைத்து, "சாரி சார், இன்னும் ரெண்டு வாரம் ஆகும்" என்று சொல்வதுதான் அவள் வேலை. மூச்சுக்கு முந்நூறு தடவை சாரி. வீட்டில் கணவர் உப்பு கேட்டால்கூட சாரி சொல்லித்தான் எடுத்துக் கொடுப்பாளாம். அவளே சொல்லிச் சிரிப்பாள்.

அந்த முறை நானூறு பேர் பதிவு செய்திருந்தார்கள். கம்பெனி அனுப்பியதோ வாரத்துக்கு முப்பது. ஆட்கள் வேறு கம்பெனிக்கு ஓடிவிடக் கூடாதென்று, பதிவு செய்யும் அன்றே பழைய போனை எக்ஸ்சேஞ்சில் வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு வேறு. அதை எவன் யோசித்தானோ, நன்றாக இருக்கட்டும்.

இருபத்தொன்பது போன்கள் வரிசைப்படி போகும். மிச்சமுள்ள ஒன்றை அக்கா யாருக்கு வேண்டுமானாலும் முன்னால் தள்ளிவிடலாம். பெயருக்கு நேரே ஒரு டிக் போட்டால் போதும். மேனேஜர் சொல்லிவைத்திருந்தார்: "ரொம்பக் கத்தறவங்களுக்குக் குடுத்து வாயை அடைச்சிடும்மா."

பட்டியலின் கடைசிப் பக்கத்தில் ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் இருந்தார். மனைவி படுத்த படுக்கை. மகள் வெளிநாட்டில் வேலை. தினமும் அம்மாவும் மகளும் வீடியோவில் முகம் பார்த்துப் பேசுவார்கள். அம்மாவுக்குப் பார்வை மங்கிக்கொண்டே வந்ததால், பெரிய திரையில் பார்க்கட்டும் என்றுதான் இவர் பதிவு செய்தார். பழையதைக் கொடுத்துவிட்டு, அலமாரியில் கிடந்த பட்டன் போனைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டார். அதில் குரல்தான் வரும். அக்கம்பக்கத்தில் இரவல் கேட்கவும் வாய் வராத மனிதர்.

"சாரி சார்..."

"பரவாயில்லம்மா. நீ என்ன பண்ணுவே, பாவம்."

"அம்மா எப்படி இருக்காங்க?"

"பொண்ணு முகத்தைப் பாக்கணும்னு கேட்டுட்டே இருக்கா. இதோ வந்துடும்னு சொல்லி வெச்சிருக்கேன்."

ஒவ்வொரு வாரமும் அக்காவின் பேனா அவர் பெயருக்குப் போகும். அதற்குள் எவனாவது மேசையைத் தட்டி, காது கூசப் பேசுவான். டிக் அவனுக்குப் போய்விடும். ஒரு வாரம் மேனேஜரின் மச்சானுக்குப் போயிற்று.

"அவர் தங்கமான மனுஷன். இன்னும் ஒரு வாரம் பொறுத்துப்பார்" என்றாள் பக்கத்து மேசையிலிருந்த என்னிடம். நானும் தலையாட்டினேன். அதை நினைத்தால் இன்றும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

ஆறாவது வாரம், எவன் கத்தியும் காதில் வாங்காமல், அவர் பெயருக்கே டிக் போட்டாள். முகமெல்லாம் பல்லாக எண்ணை அழுத்தினாள்.

"சார், உங்க போன் வந்துடுச்சு!"

"அப்படியாம்மா" என்றார். "அவ முந்தாநாள் போயிட்டா. அதை வேற யாருக்காவது குடுத்துடு. நிறைய பேர் காத்துட்டிருப்பாங்க."

அக்கா வாயைத் திறந்தாள். சாரி வரவில்லை. கண்ணில் தண்ணீர் கொட்டியது.

"சார், என்னைத் திட்டுங்க சார். ஒரே ஒரு வார்த்தையாவது திட்டிடுங்க."

"உன்னை எதுக்கும்மா திட்டணும்?" என்றார் அவர். "வாராவாரம் மறக்காம அவளை விசாரிச்சது நீ ஒருத்திதானே."