சுவருக்கு அந்தப் பக்கம்

பிள்ளைகளே, நம் தீவின் படத்தைப் புத்தகத்தில் பார்த்திருப்பீர்கள். நடுவில் மலை, சுற்றிலும் கடல். மலையில் பறித்த தேயிலை கொழும்புத் துறைமுகத்துக்கு இறங்கிப் போகும். அந்த வருமானத்தில்தான் நாடே சாப்பிட்டது. அந்தத் தேயிலைக்காக நம் முன்னோர் வந்து இறங்கியதோ மன்னார்க் கரையில். அங்கிருந்து காட்டு வழியே நடந்து மலையேறினார்கள். எழுபதுகளில், தோட்டத்து ஆட்களை இரண்டு நாடும் பங்கு பிரித்துக்கொண்ட ஒப்பந்தப்படி இந்தியாவுக்கென்று எழுதப்பட்டவர்கள் ஹட்டனில் ரயிலேறி, அதே கரைக்குப் போய், தலைமன்னாரில் கப்பலேறினார்கள்.

எங்கள் வீட்டில் அண்ணன் குடும்பத்துக்கு இந்தியா. அப்பாவுக்கும் தங்கைகளுக்கும் எனக்கும் இலங்கை. அப்பா வாயில் அண்ணன் பெரியவன், நான் சின்னவன்.

அண்ணன் லயத்து வரிசையில் எங்கள் அறைக்கு அடுத்த காம்பராவில் இருந்தார். இரண்டுக்கும் நடுவில் ஒரே சுவர். விடியலில் வேலைக்கு ஆள் கூப்பிடும் பெரட்டுத் தப்பு அடித்ததும் அண்ணன் அந்தச் சுவரைத் தட்டுவார். கண் மங்கிப்போன அப்பா இந்தப் பக்கமிருந்து திருப்பித் தட்டுவார். அதுதான் அவர்களுக்குள் பேச்சு.

சாமான்களைத் தேயிலைப் பெட்டிகளில் அடைத்து ஆணியடித்துக்கொண்டு அவர்கள் போனார்கள். போய்ச் சேர்ந்ததாக ஒரு தகவலும் வரவில்லை. தோட்டத்துக் கணக்கப்பிள்ளை அவர்கள் காம்பராவைப் பூட்டிவிட்டார்.

ஒரு மழைக்காலக் காலை. தப்பு அடித்து ஓய்ந்ததும் சுவர் தட்டப்பட்டது. அப்பா படுத்தபடியே திருப்பித் தட்டினார். உங்கள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். மறுநாளும் அப்படியே. கணக்கப்பிள்ளையைக் கூட்டிவந்து திறந்து பார்த்தேன். அடுப்பில் பழைய சாம்பல். மெழுகிய தரையில் எலியின் தடம்கூட இல்லை. அண்ணன் தட்டித் தட்டித் தேய்ந்த இடம் மட்டும் ஈரமாக இருந்தது.

அப்போது உங்களில் மூத்தது வயிற்றில். அப்பா, தங்கைகள், நாங்கள் இருவர் என்று எல்லோரும் ஒரே காம்பராவில். பிள்ளை பெற இடமில்லை. அண்ணன் காம்பராவைக் கேட்டேன், தோட்டத்துத் துரை சம்மதித்தார். அப்பாதான் சம்மதிக்கவில்லை.

“பெரியவன் எங்க போவான்?” என்றார்.

“அண்ணன் கப்பலேறிட்டாங்கப்பா.”

“அப்ப தட்டுறது யாரு?”

பிள்ளை பெறும் நாள் நெருங்கிவிட்டது. நானும் உங்கள் அம்மாவும் மட்டும் அண்ணன் காம்பராவுக்குப் பாயை எடுத்துப் போனோம்.

முதல் விடியல். தப்பு அடித்தது. அன்று சுவர் சும்மா இருந்தது. அந்தப் பக்கம் அப்பாவின் இருமல் நின்றுபோனது. காத்திருக்கிறார் என்று தெரிந்தது. எவ்வளவு நேரம்தான் கேட்டுக்கொண்டு படுத்திருப்பது? கையை நீட்டித் தட்டினேன். உடனே பதில் தட்டு வந்தது. கூடவே குரலும் வந்தது.

“எந்திரிச்சிட்டியா, பெரியவனே?”

“எந்திரிச்சிட்டேம்ப்பா.”

உங்கள் அம்மா சற்று நகர்ந்து உட்கார்ந்தாள். அது என் குரல் மாதிரியே இல்லை என்று பிறகு சொன்னாள்.

அன்று மாலை மலையிலிருந்து இறங்கி வந்தேன். மூடுபனிக்குள் வாசலில் உட்கார்ந்திருந்த அப்பா என் காலடிச் சத்தம் கேட்டு முகத்தைத் திருப்பினார். நிம்மதியாக இருந்தார். மெதுவாகத்தான் கேட்டார்:

“சின்னவன் அக்கரைக்குப் போய்ச் சேந்துட்டானா? ஏதாச்சும் தெரிஞ்சுதாப்பா?”