கோலிக்குள்ள ஆறு பேரு

சிறுவர் நூல் பரிசுக் குழுவுல மூணு பேர். தலைவர் பம்பாய் மாட்டுங்காவிலேயே பொறந்து வளர்ந்து, பேங்க் வேலையில இருந்து ஓய்வு பெற்றவர். இன்னொருத்தர் சென்னைப் பேராசிரியர். லேப்டாப் திரையில தலை மட்டும் தெரியும். மூணாவது நான், தாராவியில தமிழ் வகுப்பு எடுக்குற டீச்சர். என்னை எதுக்குச் சேர்த்தாங்கன்னு எனக்குத் தெரியும். தாராவிப் பக்கமிருந்து ஒரு ஆளாவது பேருக்கு இருக்கணுமாம். இருக்கட்டும், வந்ததுக்கு வாயைத் திறக்காம போறவ நான் இல்ல.

கடைசியில ரெண்டு புத்தகம் மிஞ்சிச்சு. ஒண்ணு காட்டுராஜா கதை. வழவழ தாள், பக்கத்துக்குப் பக்கம் அறிவுரை. இன்னொண்ணு தாராவியில தோல் பை தைக்குற ஒரு பொண்ணு எழுதின மெல்லிசான புத்தகம். ஜெயிக்கிற புத்தகம் இங்க இருக்குற தமிழ் வகுப்பு எல்லாத்துக்கும் போகும். என் பிள்ளைங்க இந்தியில சண்டை போட்டு மராத்தியில சமாதானம் ஆகுறவங்க. தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பாங்க. அவங்க கைக்கு அந்தப் பொண்ணோட புத்தகம் போய்ச் சேரணும்னு நான் ஒத்தக்கால்ல நின்னேன்.

பார்த்தா, பேராசிரியரும் அதைத்தான் தூக்கி வெச்சுப் பேசினார். "முதல் வரியே அபாரம்"னு வாசிச்சுக் காட்டினார்: "'எங்க கோலியில ஆறு பேரு. அப்பா புரண்டா அம்புட்டுப் பேரும் புரளணும்.' கோலிக்குண்டுக்குள்ள ஒரு குடும்பம்! குண்டு உருள, உள்ளே அத்தனை பேரும் புரளுறாங்க. என்ன கற்பனை!" கற்பனைக்கு இருபதுக்குப் பத்தொன்பது போட்டிருந்தார்.

"ஆமாமா, ரொம்பப் புதுசு"ன்னு தலைவர் தலையாட்டினார். அடப்பாவி மனுஷா! பம்பாயில பொறந்தவருக்குக் கோலின்னா ரூமுன்னு தெரியாதா? புத்தகத்தை அவர் திறந்தே பார்க்கலை, வாசிச்சதையும் காதுல வாங்கலைன்னு அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது.

நான் சும்மா இருந்திருந்தா பரிசு அந்தப் பொண்ணுக்குத்தான். அரை கிளாஸ் டீ குடிக்கிற நேரம் சும்மாதான் இருந்தேன். முடியலை. நான் பொறந்ததும் அப்படி ஒரு கோலியிலதான். எங்கம்மா எங்களை வரிசையா படுக்க வெச்ச இடத்தை ஒருத்தர் விளையாட்டுச் சாமான்னு மெச்சுறதை எப்படிக் கேட்டுட்டு இருக்க?

"சார், அது குண்டு இல்ல. வீடு. ஒரே ரூம் வீடு. இங்க அதுக்குப் பேரு கோலி."

திரையில பேராசிரியர் தலை குனிஞ்சுது. அப்புறம் பத்தொன்பது எட்டாச்சு. மொழித் தூய்மைன்னு ஒரு கட்டம் இருந்துது, அதுல பூஜ்யம் விழுந்துது. "இந்திச் சொல்லைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமாம்மா?"ன்னு கேட்டார்.

"உங்க ரூமுக்கு ஜன்னல் இருக்கு, கதவுக்குச் சாவி இருக்கு. ரெண்டும் போர்ச்சுகீசியன்கிட்ட வாங்கின வார்த்தை. எங்க கோலி மட்டும் தீட்டா சார்?"

தலைவர் சமாதானத்துக்கு வந்தார். கோலியை 'அறை'ன்னு மாத்திட்டா பரிசு தந்துடலாம்னார். விண்ணப்பத்துல இருந்த நம்பருக்கு அவரே போன் போட்டு, ஸ்பீக்கர்ல வெச்சார். அந்தப் பக்கம் தையல் மெஷின் சத்தம். நடந்ததை நான் ஒண்ணு விடாம சொன்னேன்.

"அக்கா, நீங்க பேசாம இருந்திருக்கலாம்லா?"ன்னா. எனக்குச் சுருக்குனு இருந்துது.

மெஷின் நின்னுது. "அறையா? அது எங்கப்பா கன்னத்துல குடுக்கது. நாங்க இருக்கது கோலி. மாத்த மாட்டேங்க்கா."

தூய்மைக் கட்டத்துல நான் இருபது போட்டேன். அவ சொன்னதை அப்படியே பக்கத்துல எழுதிக் கையெழுத்தும் போட்டேன். ரெண்டு ஓட்டுக்கு ஒரு ஓட்டுன்னு காட்டுராஜா ஜெயிச்சார். அடுத்த தடவை என்னைக் கூப்பிட மாட்டாங்க. கூப்பிட்டா மறுபடியும் இதையேதான் பேசுவேன்.

திங்கக்கிழமை என்கிட்ட இருந்த பிரதியை வகுப்புக்கு எடுத்துட்டுப் போய் முதல் வரியை வாசிச்சேன். தமிழ்ப் புத்தகத்தைத் திறந்தாலே ஜன்னல் பக்கம் திரும்பிக்கிற கடைசி பெஞ்சுப் பொண்ணு சட்டுனு எந்திரிச்சா.

"டீச்சர், எங்க கோலியில ஏழு பேரு. குடுங்க, நான் வாசிக்கேன்."