ரிக் வண்டி மேல் நின்ற அப்பா

கல்லூரி அலுவலகத்தில் உதவித்தொகைப் பிரிவைப் பல வருடம் பார்த்தவன் நான். வராத பணத்துக்கெல்லாம் திட்டு வாங்குவதும் அந்த ஸீட்டின் வேலைதான். இப்போது அதில் உட்கார்ந்திருப்பவர்களுக்காக ஒரு நாளைப் பற்றிச் சொல்கிறேன்.

அன்று ஆன்லைனில் விண்ணப்பிக்கக் கடைசி நாள். மதியம் மூன்று மணிக்கு சௌமியா வந்து நின்றாள். இரண்டாம் வருடம் பி.எஸ்ஸி. உதவித்தொகை வராவிட்டால் படிப்பை நிறுத்தித் தறிக்கு அனுப்பிவிடுவதாக வீட்டில் சொல்லியிருந்தார்கள்.

"இத்தன நாளா எங்க போன?"

"வருமானச் சான்று இன்னைக்குத்தானுங்க சார் கெடச்சுது."

ஆதார் எண்ணைப் போட்டேன். ஓ.டி.பி. அவள் போனுக்கு வரவில்லை. ஆதாரில் இருந்தது அப்பா நம்பர். திருச்செங்கோட்டுப் பக்கம் பாதிப் பிள்ளைகளுக்கு இதே கதை. குடும்பத்துக்கே அப்பா நம்பரைக் கொடுத்துவிடுவார்கள். அப்பாவோ ரிக் வண்டியோடு வடக்கே எங்கோ போர்வெல் போட்டுக்கொண்டிருப்பார். நம்பரை மாற்ற அன்றைக்கு ஏது நேரம்? தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

அப்பா போனுக்கு லைன் கிடைக்கவில்லை. ரிக் முதலாளி ஆபீஸ் வழியாகச் சொல்லியனுப்பினோம். நாலரைக்கு அவள் அப்பா ராசு என்னைக் கூப்பிட்டார்.

"கீழ டவர் இல்லீங்க சார். வண்டி மேல ஏறி நிக்கறனுங்க."

முதல் தடவை சர்வர் சுற்றிச் சுற்றியே நின்றுவிட்டது. இரண்டாம் தடவை ஏதோ ரீசார்ஜ் மெசேஜில் இருந்த எண்ணை வாசித்தார். "அது இல்லீங்க, ஆறு நம்பர், ஆறு" என்று கத்தினேன். அங்கே யாரோ அவரிடம், "ஓடற வண்டிய நிறுத்திப்போட்டு மேல என்னய்யா பண்ற?" என்று கத்தினார்கள்.

"பொண்ணு படிப்புங்க, செத்த பொறுங்க" என்றவர், என்னிடம், "நீங்க கேளுங்க சார். முடியற வரைக்கும் எறங்க மாட்டனுங்க" என்றார்.

மூன்றாம் தடவை சரியான நம்பரைச் சொன்னார். அதோடு லைன் கட்டாகிவிட்டது. விண்ணப்பம் பதிவாகிவிட்டது. சௌமியா பிரிண்டை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள். நான் சர்வரையும் அதை வைத்தவனையும் திட்டியபடி டீ குடித்துவிட்டு வந்தேன்.

ஐந்தே முக்காலுக்குப் போன் அடித்தது.

"ராசுங்க சார். வண்டி மேலதான் இருக்கறனுங்க. எறங்கிக்கலாமுங்களா?"

அதற்குப் பிறகு திட்டுவதற்கு என்னைத் தவிர யாரும் மிச்சமில்லை.

இந்த ஸீட்டுக்கு வருகிறவர்களே, ஆதாரில் யார் நம்பர் என்று ஜூன் மாதமே கேட்டுவிடுங்கள். வேலை முடிந்தால் முடிந்தது என்று உடனே சொல்லிவிடுங்கள். யாராவது இறங்காமல் நின்றுகொண்டிருப்பார்கள்.